ஊர் அறிந்த பெயருக்கும் பதிவு வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் அம்மையார் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நான்கு வண்ணப் பொட்டலங்களும் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பும் இருந்தன. பொட்டலங்கள் அவர் தயாரிக்கும் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, கறி மசாலா. அவற்றின் மேல் அச்சிட்டிருந்த பெயரைப் பதினைந்து நாள்களுக்குள் கைவிட வேண்டும் என்றது அறிவிப்பு. அந்தப் பெயர் அவருடைய மறைந்த மாமியாரைத் தெருவில் எல்லோரும் அழைத்த செல்லப் பெயர்.

அறிவிப்பை அனுப்பியவர் அந்நியர் அல்லர். அவரிடமே ஆறு ஆண்டுகள் சரக்கெடுத்துச் சென்னையில் விற்றுவந்த விநியோகஸ்தர்தான். கணக்கில் ஏற்பட்ட மனத்தாங்கலில் உறவு முறிந்தது. அதற்கு முன்பே அவர் அந்தப் பெயரைத் தன் பெயரில் வணிக முத்திரையாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புகார் கொடுத்ததும், அம்மையாரின் பொருள்கள் இணைய விற்பனைத் தளம் ஒன்றிலிருந்து ஒரே நாளில் நீக்கப்பட்டன. “பதினாலு வருஷமா நான் போட்டுக்கிட்டு வர்ற பேரை, நான் போடக் கூடாதுன்னு சொல்றாங்க சார். எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க” என்றார் அவர். இருபதாண்டு காலமாக இத்தகைய வழக்குகளை நடத்திவரும் நான், அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். சிக்கல் முழுவதும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால், அந்தப் பொருள் ஊரைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தாண்டிய இடத்தில் கேட்பதற்கு யாரும் இல்லை.

தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலிருந்து உணவுப் பொருள்களும் எண்ணெய்களும் அழகுப் பொருள்களும் ஆடைகளும் இன்று எளிதாக வெளியே போகின்றன. கூரியரும் கைபேசிவழிப் பணப் பரிமாற்றமும் இணைய அங்காடிகளும் பத்து பேர் வேலைபார்க்கும் ஒரு கூடத்தைக்கூட நாடு தழுவிய விற்பனையாளராக ஆக்கிவிடுகின்றன. சரக்கு சென்ற வேகத்தில் பெயருக்கான பாதுகாப்பு செல்லவில்லை என்பதே இன்று இத்தொழில்களின் பெரிய பலவீனம்.

மக்கள் வைத்த பெயர்கள்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் சில மணி நேரம் மட்டும் விற்பனை நடக்கும் அல்வாக் கடைக்கு ‘இருட்டுக்கடை’ என்ற பெயரை எந்த விளம்பர நிறுவனமும் வைக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் நடந்த கடையை மக்கள் அப்படி அழைத்தார்கள். திண்டுக்கல்லில் 1957இல் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’ என்ற பெயரில்தான் ஒரு கடை தொடங்கப்பட்டது. அதை நடத்திய நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால், அதுவே கடையின் பெயராகிவிட்டது. இன்று ‘தலப்பாக்கட்டி’ என்ற பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். ஆனந்த விலாஸை அறிந்தவர் சிலரே.

இந்த இரு பெயர்களும் வணிக முத்திரை என்பதன் அடிப்படையை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. முத்திரை என்பது உற்பத்தியாளரின் கற்பனை வளத்துக்குச் சட்டம் தரும் பரிசு அன்று. அதற்குப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் இன்ன இடத்துப் பொருள், இன்ன தரம் என்று வாங்குபவரின் மனத்தில் எழும் நினைவைத்தான் முத்திரைச் சட்டம் காக்கிறது. அந்த நினைவைப் பயன்படுத்தி இன்னொருவர் தன் சரக்கை விற்றால், உழைத்தவர் மட்டுமின்றி வாங்கியவரும் ஏமாற்றப்படுகிறார். வாங்குபவர் இரண்டு பொட்டலங்களையும் அருகருகே வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அரைகுறை நினைவோடுதான் கடைக்கு வருகிறார். ‘அமிர்ததாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரு மருந்துப் பெயர்கள் தொடர்பான வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் கையாண்டது. ‘தலப்பாக்கட்டி’க்கு ஒத்த ஒலியுள்ள பெயர்களை வைத்த உணவகங்கள் மீதான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றதற்கும் இதுவே காரணம். ஓர் எழுத்து மாறினாலும் காதுக்கு அது அதே பெயர்தான்.

ஒரு பெயர் மக்கள் நினைவில் வாழும் வரை, அந்த நினைவு பரவியுள்ள எல்லைக்குள் அதற்குச் சாட்சிகள் ஏராளம். எல்லையைத் தாண்டும்போதுதான் ஏட்டில் எழுதிய சாட்சி தேவைப்படுகிறது. அந்த ஏட்டுச் சாட்சிதான் பதிவு.

இருட்டுக்கடை கற்றுத்தந்தது

‘இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரை வைத்திருந்தவருக்கும், ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் விற்ற இன்னொருவருக்கும் நடந்த வழக்கு, 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. முதல் தரப்பு தன் கடை 1900ஆம் ஆண்டிலிருந்து நடப்பதாகச் சொன்னது. எதிர்த்தரப்பும் தன் பெயருக்குப் பதிவு பெற்றிருந்தது. பதிவு பெற்ற இருவர் ஒருவர்மீது ஒருவர் உரிமை மீறல் வழக்குப் போட முடியாது என்று சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்வதால், இந்த வழக்கே செல்லாது என்பது அவர்களது வாதம்.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவு என்பது புதிதாக உரிமையைப் படைப்பதில்லை. ஏற்கெனவே பயன்பாட்டால் உருவான உரிமையை அங்கீகரிக்கிறது என்பதே தீர்ப்பின் சாரம். ஒரு பெயரை முதலில் நேர்மையாகப் பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவரின் உரிமை, பின்னால் வந்து பதிவுசெய்தவரின் உரிமையைவிட மேலானது. தன் சரக்கைப் பிறர் சரக்காகக் காட்டி விற்பதைத் தடுக்கும் பொதுச் சட்ட உரிமையை, ‘பாசிங் ஆஃப்’ என்று நீதிமன்றங்கள் அழைக்கும் அந்த உரிமையை, எந்தப் பதிவும் பறிக்க முடியாது. ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டிக்கொள்வதால் ஒரு பெயர் வேறு பெயராகிவிடுவதும் இல்லை. திருநெல்வேலி என்பது இடம். அல்வா என்பது பண்டம். வாங்குபவர் நினைவில் நிற்பது ‘இருட்டுக்கடை’ என்ற சொல்தான்.

இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, “முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, பதிவு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தலைமுறைகளைக் கடந்த பெயர், அதை அறிந்த ஒரு நகரம், உச்ச நீதிமன்றம் வரை சென்று நிற்கும் வலு ஆகியவை அந்தக் கடைக்கு இருந்தன. பத்து ஆண்டுகளாகப் பொடி அரைத்து விற்பவருக்கு இவற்றில் எது இருக்கிறது? முற்பயன்பாடு என்பது சொல்லிவிட்டுப் போகும் உரிமை அன்று. ஆவணங்களால் நிறுவ வேண்டிய உரிமை. எந்த ஆண்டில் தொடங்கினீர்கள், எவ்வளவு விற்றீர்கள், எங்கெல்லாம் விற்றீர்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். துண்டுச் சீட்டில் கணக்கெழுதி விற்ற காலத்துக்குச் சான்று எங்கிருந்து வரும்?

பெரிய நிறுவனங்களும் இந்தக் கேள்வியில் தோற்றிருக்கின்றன. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ‘பிரியஸ்’ காரை 1997இல் தன் நாட்டில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் கார் உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனம் 2001 முதல் அதே பெயரைப் பயன்படுத்திப் பதிவும் பெற்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2001 ஏப்ரலில் இந்தியச் சந்தையில் இந்தப் பெயர் உங்களுடையது என்று மக்கள் அறிந்திருந்ததற்குப் போதிய சான்று இல்லை என்று 2017இல் தீர்ப்பானது. உலகப் புகழ் ஒரு நாட்டின் எல்லையில் நின்றுவிட்டது. உலகப் புகழுக்கே அப்படியென்றால், மாவட்டப் புகழ் மாவட்ட எல்லையில் நின்றுவிடுவதில் வியப்பென்ன?

எந்தப் பெயர் சொத்தாகும்?

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் போலியிடமிருந்து வருவதில்லை. பெயர் வைத்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ‘நாட்டுச் செக்கு எண்ணெய்’, ‘பாரம்பரிய அரிசி’, ‘வீட்டுச் சுவை’, ‘சுத்தமான தேன்’ போன்ற பெயர்களை விரும்பி வைக்கிறார்கள். வாங்குபவருக்கு உடனே புரியும் என்பதே காரணம். உடனே புரிவதால்தான் அவற்றைச் சட்டம் ஒருவருக்கு எழுதிக் கொடுக்க மறுக்கிறது. பொருளின் தன்மை, தரம், பயன், ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்கள் அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தேவையானவை. அவற்றை ஒருவர் முள்வேலி போட்டு அடைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது சட்டத்தின் 9ஆவது பிரிவு. நீண்ட பயன்பாட்டால் அந்தச் சொல் ஒருவரை மட்டுமே குறிக்கும் நிலை வந்துவிட்டது என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால், அதை நிரூபிப்பது பெரும்பாடு.

நூடுல்ஸ் விற்கும் இரு பெரும் நிறுவனங்களான ஐடிசியும் நெஸ்லேவும் ‘மேஜிக் மசாலா’, ‘மேஜிக்கல் மசாலா’ என்ற பெயர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் மோதின. ‘மேஜிக்’ என்பது பொருளைப் புகழும் பொதுச் சொல், அதற்கு எவரும் தனியுரிமை கோர முடியாது என்று 2020இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைப் பதிவுசெய்ய விரும்பியவருக்கு, சமய நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கடவுள் பெயர்களைக் கடைப் பெயராக வைக்கும் வழக்கம் மிகுந்த நம் ஊர்களில் இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஊர்ப் பெயரின் நிலையும் இதுவே. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் மணப்பாறை முறுக்கும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. அது அந்த வட்டாரத்தில் உரிய முறையில் தயாரிப்போர் அனைவருக்குமான கூட்டு உரிமை. அதைத் தனி நிறுவனத்தின் முத்திரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்பவர் புவிசார் குறியீட்டின் பயனைப் பெறலாம். ஆனால், பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக்காட்ட அவருக்குத் தனியாக ஒரு பெயர் தேவை. பொருளோடு தொடர்பில்லாத, எளிதில் உச்சரிக்கக்கூடிய, வேறு எவரும் அந்தத் தொழிலில் பயன்படுத்தாத சொல்லே சட்டத்தின் கண்ணில் வலிமையானது. விருதுநகர் அம்மையாரின் மாமியார் பெயர் உண்மையில் மிக நல்ல முத்திரை. அதனால்தான் அதன்மீது இன்னொருவருக்கு ஆசை வந்தது.

பதிவின் பாதையும் பள்ளங்களும்

சிறு தொழில்முனைவோர் பலருடைய அலுவலகச் சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்றிதழ், சிலவேளை நிறுவனப் பதிவுச் சான்றிதழும் மாட்டப்பட்டிருக்கும். இவற்றில் எல்லாம் தங்கள் பெயர் இருப்பதால் பெயர் தங்களுடையது என்று நம்புகிறார்கள். இவற்றில் எதுவும் பெயரின் மீது முத்திரை உரிமை தருவதில்லை. முதலில் பயன்படுத்தியவர் என்று நிரூபிக்கும்போது துணைச் சான்றாக உதவும், அவ்வளவே.

முத்திரைப் பதிவுக்கான செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. இணையவழியில் விண்ணப்பித்தால் தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். ‘ஒரு வகைக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடியும் அரிசியும் இனிப்பும் 30ஆவது வகை. ஊறுகாயும் சமையல் எண்ணெயும் நெய்யும் 29ஆவது வகை. உணவகம் 43ஆவது வகை. பொடிக்கு மட்டும் பதிவுசெய்துவிட்டு ஊறுகாயில் இறங்கியவர், அங்கே அதே பெயரில் இன்னொருவர் இருப்பதைக் கண்டு திகைத்த கதைகள் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் எதெல்லாம் விற்கப்போகிறோம் என்று யோசித்து விண்ணப்பிப்பதே விவேகம்.

விண்ணப்பத்துக்கு முன் பதிவகத்தின் இணையதளத்தில் ஒத்த பெயர்கள் உள்ளனவா என்று கட்டணமின்றித் தேடலாம். விண்ணப்பித்த பின் ஆய்வறிக்கை வரும். அதில் ஆட்சேபம் இருந்தால் 30 நாள்களில் பதில் தர வேண்டும். ஏற்கப்பட்டால், முத்திரைகளுக்கான அரசிதழில் விளம்பரப்படுத்தப்படும். அதைப் பார்த்து நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் பிரதி கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பதாரர் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதப்படும். நல்ல வழக்குகள் பல இந்த இரண்டு மாதப் பள்ளத்தில் விழுந்து மடிந்திருக்கின்றன. தடைகளைத் தாண்டிப் பதிவு கிடைத்தால், அது விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாக எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் பெயரின் மேல் அச்சிடுவது குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிவு தரும் நன்மைகளில் ஒன்றைத் தனியாகக் குறிப்பிடுவேன். பதிவு பெற்ற முத்திரையின் உரிமையாளர், தான் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே உரிமை மீறல் வழக்குத் தொடர 134ஆவது பிரிவு வழிசெய்கிறது. பதிவில்லாமல் ‘பாசிங் ஆஃப்’ வழக்கு மட்டும் போடுபவருக்கு இந்தச் சலுகை இல்லை. வடமாநிலத்தில் இருந்துகொண்டு போலி அச்சிடுபவரைத் தென்காசியிலிருந்து கேள்வி கேட்க முடிவதும் முடியாமல் போவதும், பல வேளைகளில் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

பதிவைத் தண்டித்த வரி

முத்திரைகளைப் பதிவுசெய்யும்படி அரசு ஒருபுறம் ஊக்குவித்தாலும், இன்னொரு புறம் அதைத் தண்டித்த காலமும் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அரிசி, பருப்பு, மாவு போன்றவை பொட்டலமிடப்பட்டுப் பதிவு பெற்ற பெயரில் விற்கப்பட்டால் 5% வரி; பதிவற்ற பெயரில் விற்கப்பட்டால் வரி இல்லை. விளைவு எதிர்பார்த்ததுதான். நாட்டின் பல பகுதிகளில் வணிகர்கள் பல்லாண்டுகள் காத்த முத்திரைப் பதிவுகளைத் தாங்களே ரத்துசெய்யத் தொடங்கினர். அதைத் தடுக்க, 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர்கள் பின்னர் நீக்கப்பட்டாலும் வரிக்கு உட்பட்டவையே என்று அதே ஆண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் முடிவெடுத்தது. முன்கூட்டியே பொட்டலமிட்டு விவர அட்டை ஒட்டிய பொருள் எதுவானாலும் வரி என்று 2022 ஜூலையில் விதி மாறியபோதுதான், பதிவுக்கும் வரிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் ‘பதிவுசெய்தால் வம்பு’ என்ற எண்ணம் அரிசி ஆலைகளிலும் மளிகைச் சந்தைகளிலும் வேரூன்றிவிட்டது. விதி மாறியும் எண்ணம் மாறவில்லை. இன்றும் “பதிவு பண்ணினா வரி கூடுமே” என்று கேட்பவர்களை நான் சந்திக்கிறேன்.

குடும்பமும் கடல் கடந்த சந்தையும்

பெயருக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தைவிட வீட்டுக்குள்ளிருந்து வருவது கடுமையானது. தந்தை தொடங்கிய தொழிலில் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பிரியும்போதுதான் தேடுகிறார்கள். நிலத்துக்கும் நகைக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிற குடும்பங்கள், எல்லாவற்றையும்விட மதிப்புள்ள பெயரை அதில் ஒரு வரியாகக்கூடச் சேர்ப்பதில்லை. பிறகு அண்ணன் கடையும் தம்பி கடையும் ஒரே தெருவில் ஒரே பெயரோடு நிற்கின்றன; வாங்குபவர் குழம்புகிறார்; நீதிமன்றம் குடும்பப் பஞ்சாயத்தாகிறது. முத்திரையும் சொத்துதான். அதை எழுதிக்கொடுக்கலாம், உரிமம் தரலாம், உயில் எழுதலாம். எழுதியதைப் பதிவகத்தில் பதியவும் வேண்டும்.

வெளிநாட்டு விற்பனையில் இன்னொரு எச்சரிக்கை. இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டும்தான். முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை தரும் நாடுகள் பல உண்டு. அங்கே நம் சரக்கை இறக்குமதி செய்பவரே நம் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்வது புதிதல்ல. 2013இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இணைந்த பின், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தின் வழியாகப் பல நாடுகளில் பாதுகாப்புக் கேட்கலாம். தமிழர்கள் மிகுந்து வாழும் சிங்கப்பூர், மலேசியா ஆகியவையும் ஐக்கிய அரபு அமீரகமும் அந்த ஏற்பாட்டில் உள்ளன. ஆனால், முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இந்திய அடிப்படைப் பதிவு விழுந்தால், வெளிநாட்டுப் பாதுகாப்பும் அதோடு விழும். அடித்தளம் இங்கேதான்.

வேலிக்கும் எல்லை உண்டு

பாதுகாப்பு வேண்டும் என்று வாதிடும்போது, மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். பதிவுச் சான்றிதழைத் தடியாக எடுத்துக்கொண்டு, தொடர்பில்லாத தொழிலில் இருக்கும் சிறியவர்களையெல்லாம் மிரட்டும் போக்கும் வளர்ந்துவருகிறது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ பால் 1985 முதல் விற்பனையில் உள்ளது. ‘நந்தினி டீலக்ஸ்’ என்ற உணவகம் 1989இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியது. உணவகத்தின் பதிவைக் கூட்டமைப்பு எதிர்த்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. நந்தினி என்பது தெய்வப் பெயர், பசுவின் பெயர். இரு தரப்பின் பொருள்களும் தோற்றமும் வேறு. வாங்குபவர் குழம்ப வாய்ப்பில்லை என்றது. வாங்குபவரின் குழப்பமே அளவுகோல் என்ற அடிப்படையை இத்தீர்ப்பு மறு திசையிலிருந்து உறுதிசெய்தது. நினைவைக் காக்கும் சட்டம், சொல்லைச் சிறைவைக்கும் சட்டமாக மாறக் கூடாது.

என்ன செய்யலாம்?

விருதுநகர் அம்மையாரின் வழக்கில் எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய ரசீது. சிவகாசி அச்சகம் ஒன்றில் அவர் முதன்முதலாகப் பொட்டல அட்டை அடித்ததற்கான ரசீது, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. அதில் பெயரும் இருந்தது. விநியோகஸ்தரின் விண்ணப்பத்துக்கு எட்டு ஆண்டுகள் முந்தைய தேதியும் இருந்தது. பதிவை நீக்கக் கோரினோம். சட்டம் எங்கள் பக்கம் வலுவாகவே இருந்தது. ஆனால், இணையத் தளத்தில் விற்பனை முடங்கி இரண்டு தீபாவளிகள் கடந்தன. வேலைக்கு வந்த பெண்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. இறுதியில் அவர் சமரசத்துக்கு இசைந்தார். எதிர்த்தரப்பு பதிவை அவருக்கு எழுதிக் கொடுத்தது. அவர் ஒரு தொகை கொடுத்தார். புதிய அரவை இயந்திரம் வாங்கச் சேர்த்துவைத்த பணம் அது. தன் மாமியாரின் பெயரைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனார்.

வழக்கறிஞராக நான் அதை வெற்றி என்று கணக்கில் எழுதியிருக்கலாம். 4,500 ரூபாயில் தொடக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுத மனம் வரவில்லை.

அந்த அம்மையார் முன்கூட்டியே விழித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. ஒத்த பெயரை எதிர்க்க நான்கு மாதம் தருகிறது சட்டம். அந்த அறிவிப்பு வாரந்தோறும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களோடு வெளிவரும் ஓர் இதழில் இருக்கிறது. பதிவகத்தின் நடைமுறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த உற்பத்தியாளர் அதைப் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது சட்டத்தின் கற்பனை.

இதற்குத் தீர்வுகள் பெரிதாக எதுவும் தேவையில்லை. உணவு உரிமமும் உத்யம் பதிவும் வழங்கும் தருணத்திலேயே, பெயருக்குத் தனிப் பதிவு தேவை என்ற எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். மாவட்டத் தொழில் மையங்கள் ஒவ்வொன்றிலும் முத்திரைத் தேடலுக்கும் விண்ணப்பத்துக்கும் உதவ ஒரு மேசை போடலாம். தமிழ் எழுத்தில் அமைந்த முத்திரைகளைத் தமிழிலேயே தேடவும், ஒத்த பெயர் வெளியானால் கைபேசிக்குத் தமிழில் தகவல் பெறவும் வசதி செய்யலாம். இணைய விற்பனைத் தளங்கள், சான்றிதழ் காட்டியவர் பேச்சை மட்டும் கேட்டுப் பொருளை நீக்கும் முன், எதிர்த்தரப்புக்கு முற்பயன்பாட்டை விளக்கச் சில நாள்களாவது தர வேண்டும் என்று விதி வகுக்கலாம். இருட்டுக்கடைத் தீர்ப்பு சொன்ன சட்டத்தை அந்தத் தளங்களும் பின்பற்ற வேண்டும் அல்லவா?

தீர்ப்பு சொல்லும் அமைப்புகளிலும் நிலைத்தன்மை வேண்டும். இத்தகைய மேல்முறையீடுகளுக்கென்று 2003இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குவது நல்ல தொடக்கம். சிறு தொழில்களின் வழக்குகளைக் குறித்த காலத்துக்குள் முடிக்கும் ஏற்பாடும் அங்கே உருவானால், உரிமை இருந்தும் சமரசத்துக்குப் பணம் கொடுக்கும் நிலை குறையும்.

தொழில் நடத்துவோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஊருக்கு வெளியே முதல் பெட்டிச் சரக்கை அனுப்பும் முன், பெயருக்கு ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். முதல் அட்டை அச்சிட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த அம்மையார் இப்போது தன் அலுவலகச் சுவரில் பதிவுச் சான்றிதழை மாட்டியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்தச் சிவகாசி ரசீதையும்.